சாப்பாட்டுப் பிரியரான மாமாவுக்கு என்ன கொடுக்கலாம்?

ஆவணியில் கனடாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் தாய்மாமனுக்கு அறுபது வயது நிறைகிறது என்றும், அவர் பெரிய சாப்பாட்டுப் பிரியர் என்றும், மணிக்கூடு, பொன்னாடை, பெயர் பொறித்த கேடயம் என்று எல்லோரும் கொடுப்பதையே கொடுக்க மனமில்லை என்றும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். உணவைக் கருவாகக் கொண்ட கலைப்பொருள் ஏதாவது கையால் செய்து கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி. தனக்குச் சித்திரம் வராது, செலவு கையைக் கடிக்கக்கூடாது, பொருள் பயணப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளும் போட்டிருக்கிறார். பாடசாலையில் நெடுங்காலம் சித்திரம் கற்பித்தவன் என்ற முறையிலும், சிரட்டையும் ஓலையும் வைத்து ஓய்வு நேரத்தைப் போக்குகிறவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கொடுக்கப்போவது தின்பதற்கா, பாவிப்பதற்கா, பார்ப்பதற்கா? இந்த வகைப் பரிசுகளில் நான் கண்ட தோல்விகள் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்காமல் தொடங்கியதால் வந்தவையே. தின்பண்டத்தைக் காலாகாலத்துக்கும் வைத்துப் பார்க்க நினைத்தால் அது எறும்புக்கும் பூஞ்சணத்துக்கும் போகிறது. பார்ப்பதற்கென்று செய்ததைச் சாப்பாட்டு மேசையில் பாவித்தால் வர்ணம் வயிற்றுக்குள் போகிறது.

என்னுடைய கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வீடு குடிபூரலுக்காக, வாழையிலையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பொரித்த சூடை மீனும் வைத்ததுபோல ஒரு சிறு படையலை உப்பு மாவில் செய்தேன். கோதுமை மா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஏறத்தாழ ஒரு பங்கு என்று குழைத்து, உருப்பிடித்து, குறைந்த சூட்டில் போறணையில் பல மணி நேரம் காயவைத்து, வர்ணம் பூசிக் கொடுத்தேன். புரட்டாதியில் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். கார்த்திகை மழை தொடங்கியதும் உப்பு தன் குணத்தைக் காட்டிவிட்டது. காற்றிலுள்ள ஈரலிப்பை உறிஞ்சி உறிஞ்சிப் புட்டு இளகியது, மீனின் வால் தொங்கியது, இலையின் ஓரத்தில் உப்புநீர் பூத்தது. கடலோர ஊரில் உப்பு மாவில் கலைப்பொருள் செய்தவன் என்று நண்பர் இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார். மாமாவின் வீடு கனடாவில் என்பதால் அங்கே அது தாக்குப்பிடிக்கக்கூடும். ஆனாலும் பெட்டிக்குள் நொறுங்காமல் போய்ச் சேராது.

அதைப் போலவே, முறுக்கையோ மிளகாயையோ பிசினுக்குள் உறைய வைத்துத் தருகிறோம் என்று இப்போது பலர் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டிச் செய்வித்த அச்சுப் பலகாரத்தைச் சுற்றி ஆறு மாதத்துக்குள் எண்ணெய் கசிந்து மங்கலாகப் படர்ந்துவிட்டது. எண்ணெய்ப் பண்டத்தோடு பிசின் ஒட்டாது, ஈரம் உள்ள பண்டம் உள்ளேயே நிறம் மாறும், வெயில் பட்டால் பிசினே மஞ்சளாகும். கறுவாப் பட்டை, ஏலம், கராம்பு போல எலும்பாகக் காய்ந்தவற்றுக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும். கோப்பையில் படம் அச்சடித்துக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவக் கழுவ அது மங்கிவிடும்.

உணவைக் கலையாக்குவது புதிய பழக்கமல்ல. மிலானில் பிறந்த ஆர்சிம்போல்தோ என்ற ஓவியர், 1591 அளவில், தம்மை ஆதரித்த இரண்டாம் ருடோல்ப் பேரரசரின் முகத்தையே பழங்களாலும் காய்கறிகளாலும் பூக்களாலும் தீட்டினார். கோபிக்க வேண்டிய அரசர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்பதுதான் அதில் அழகு. அந்த ஓவியம் இன்று சுவீடனில் உள்ள ஒரு மாளிகையில் இருக்கிறது. அவருடைய இன்னோர் ஓவியத்தைப் பார்த்தால் கிண்ணம் நிறைய மரக்கறி தெரியும். தலைகீழாகத் திருப்பினால் அந்தக் கிண்ணம் தொப்பியாகி, முள்ளங்கி மூக்காகி, ஒரு தோட்டக்காரனின் முகம் வரும். மெக்சிக்கோவின் ஒவாக்கா நகரில் 1897 முதல் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 23ஆம் திகதி இரவில் முள்ளங்கியைச் செதுக்கிச் சிற்பங்களாகக் காட்சிக்கு வைக்கிறார்கள். சில மணி நேரத்திலேயே அவை வாடத் தொடங்கிவிடும், அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. 2019இல் மௌரிசியோ கத்தெலான் என்பவர் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டிக் கலை என்றார்; 2024இல் அது 62 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது, வாங்கியவர் பழத்தை உரித்துச் சாப்பிட்டும் விட்டார். எங்கள் கடைகளில் கதலிக்குலை தொங்குவதை நாள்தோறும் பார்க்கிறவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது யப்பானியரின் போலி உணவு. இவசாக்கி தக்கிசோ என்பவர் 1932இல் ஒஸாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். உணவகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு, உள்ளே என்ன கிடைக்கும் என்பதை வாசிக்காமலே விளங்கிக்கொள்வதற்கு, மெழுகில் முட்டைப் பொரியலையும் சோற்றையும் அச்சொட்டாகச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அவருடைய சொந்த ஊரான குஜோ ஹச்சிமானில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் தாங்களே செய்து பார்க்கலாம். சலாதுக் கீரை செய்யும் விதம் ஒரு வித்தை போல இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரின்மேல் உருகிய வெள்ளை மெழுகைச் சிறிது ஊற்றி, அதையொட்டிப் பச்சை மெழுகைப் பரப்பி, அது ஆடைபோலப் படிந்ததும் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் கீழ்நோக்கி இழுப்பார்கள். அந்த இழுவையில் மெழுகு தானாகவே சுருங்கிச் சுருங்கிக் கீரையின் நெளிவு வந்துவிடும். சுருட்டி எடுத்தால் முழுக்கீரை. எங்கள் வெயிலில் மெழுகு தாங்காது என்பதால் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

நான் உங்களுக்குச் சொல்வது வேறொன்று, அதுவும் யப்பானிலிருந்து வந்ததுதான். அதன் பெயர் கியோதாக்கு. மீனை அச்செடுப்பது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே மீன்பிடித்தவர்கள், தாங்கள் பிடித்த மீனின் அளவை மறுப்புக்கு இடமின்றிப் பதிந்து வைப்பதற்காக, மீனின் உடலில் மையைத் தடவிக் கடதாசியில் ஒற்றி எடுத்தார்கள். செதில், செட்டை, வால் என்று எல்லாம் இருந்தபடியே பதியும். இதற்குக் கோடு கீறத் தெரிய வேண்டியதில்லை, மீனே தன்னைக் கீறிக்கொள்ளும். செலவு ஒரு மீனும் ஒரு முழத் துணியும். திருகோணமலைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை.

மீனைத் தெரிவதில்தான் பாதி வேலை இருக்கிறது. விலை கூடிய மீன் நல்ல அச்சுத் தரும் என்று நினைத்து அறக்குளாவை வாங்கிவிடாதீர்கள். அதன் தோல் வழுவழுப்பானது, பதிவதற்குச் செதில் இல்லை, கறுப்பாக ஒரு நிழல்தான் கிடைக்கும். உடல் தட்டையாகவும் செதில் பெரிதாகவும் உள்ள விளைமீன் முதல் தரம், கொடுவாவும் நல்லது. ஓராவின் முள் குத்தினால் கடுக்கும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் விடுவது புத்தி. இரண்டு சாணுக்கு மேற்படாத மீன் போதும். ஆவணியில் எங்கள் கடல் அமைதியாக இருப்பதால் மீனுக்குப் பஞ்சமிராது. காலையில் தோணி வந்த கையோடு வாங்கி, செதில் உரிக்க வேண்டாம், வயிறு கீற வேண்டாம் என்று மீன்காரரிடம் இரண்டு தரம் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் அவர் கத்தியை வைத்துவிடுவார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உப்பும் தேசிக்காயும் போட்டு, செதில் கழன்றுவிடாதபடி மெதுவாக, தலையிலிருந்து வால்ப்பக்கமாகத் தடவிக் கழுவுங்கள். மீனின் மேலுள்ள வழுவழுப்பு முழுதும் போக வேண்டும், அது இருந்தால் மை பிடிக்காது. துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்தபின், மீனின் பூவுக்குள்ளும் (செவுளுக்குள்ளும்) கழிவுத் துவாரத்திலும் சிறிது பஞ்சை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அமத்தும்போது நீர் கசிந்து அச்சைக் கெடுக்கும். மீனை ஒரு ரிஜிபோம் (தெர்மோகோல்) பலகையில் கிடத்தி, செட்டைகளையும் வாலையும் விரித்து, பின்பக்கமாக ஊசி குத்தி நிறுத்துங்கள். நீந்துகிற மீனைப் போல அது விரிந்து நிற்க வேண்டும். செட்டை மடிந்த அச்சில் மீன் செத்துத்தான் கிடக்கும்.

மையை மெல்லிதாகத் தடவுவது அடுத்த வேலை. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் கறுப்பு மை போதும். துணியில் நெடுநாள் நிற்க வேண்டுமானால் துணிக்குரிய வர்ணம் வேண்டும், ஆனால் அதைப் பூசிய மீனைக் கறிக்கு எடுக்கக்கூடாது. மீனை வீணாக்க மனமில்லாதவர்களுக்கு மற்றொரு வழி இருக்கிறது. சந்தையில் கணவாய் துப்புரவாக்கும்போது எறிந்துவிடும் மைப்பையைக் கேட்டு வாங்கி, அந்த மையைச் சிறிது தண்ணீரில் கரைத்துத் தடவலாம். ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் பாவித்த செப்பியா என்ற கபில நிறம் கணவாயின் மையிலிருந்து வந்தது. அந்தப் பெயரே கணவாய்க்குரிய கிரேக்கச் சொல்தான். அச்செடுத்த பிறகு மீனைக் கழுவிச் சட்டியில் போடலாம். நன்றாகக் காயும்வரை துணி கொஞ்சம் மணக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

கண்ணின் மேல் மை பூசாமல் விடுங்கள். கஞ்சி போக அலசிக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணியை மீனின்மேல் விரித்து, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அமத்திச் செல்லுங்கள். குழந்தையின் முதுகில் எண்ணெய் தடவுகிற அளவு அழுத்தம் போதும். செதில் ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்படும், அப்போது துணியின் மறுபக்கத்திலும் அதன் நிழல் தெரியத் தொடங்கும். தூக்கும்போது தலைப்பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் தூக்குங்கள். முதல் அச்சு பெரும்பாலும் கறுத்து அப்பிப்போய் வரும், மனம் தளர வேண்டாம்; மையைத் திரும்பப் பூசாமலே எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது அச்சில்தான் செதில் தெளியும். கடைசியில் கண்ணை மட்டும் மெல்லிய தூரிகையால் ஒரு வட்டமும் ஒரு புள்ளியுமாக வைத்துவிடுங்கள். அந்தப் புள்ளி விழுந்த பிறகுதான் மீன் உங்களைப் பார்க்கும்.

இதோடு நின்றால் அது ஓர் அழகான மீன்தான். மாமாவின் மீனாக வேண்டுமானால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அம்மம்மா மீன் புளிக்கறிக்கோ சொதிக்கோ எழுதி வைத்த குறிப்பு ஏதாவது வீட்டுக் கொப்பிகளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் அம்மாவைக் கொண்டு எழுதுவியுங்கள். அந்தக் கையெழுத்தை, பிழை திருத்தாமல், “புளி ஒரு பாக்களவு”, “உப்பு பார்த்துப் போடவும்” என்று இருந்தால் இருந்தபடியே, காபன் கடதாசி வைத்துத் துணியில் மீனுக்குக் கீழே படியெடுத்து, தண்டுத் தையலால் ஒற்றை நூலில் தைத்துவிடுங்கள். வெளிநாட்டில் எங்கள் மீன் வாங்கலாம், எங்கள் கறித்தூளும் வாங்கலாம்; பாக்களவு புளி என்று எழுதும் கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. துணியை மடித்தால் மடிப்பு விழும் என்பதால், தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே சுருட்டி வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுங்கள். பெட்டியில் அது இடம் பிடிக்காது.

மீன் மணம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் ஆர்சிம்போல்தோவைப் பின்பற்றலாம். மாமாவின் முகத்தை மரக்கறியால் தாம்பாளத்தில் அடுக்கி, யன்னல் வெளிச்சத்தில் நேர்மேலே நின்று கைத்தொலைபேசியால் படமெடுத்து, கலையகத்தில் பெரிதாக அச்சடித்துக் கொள்ளுங்கள். புருவத்துக்கு முருங்கைக்காய், மூக்குக்குக் கத்தரிக்காய், தாடைக்குப் பூசணிக் கீற்று, நரைத்த மீசைக்குத் தேங்காய்ப்பூ. இதற்கும் கீறத் தெரிய வேண்டியதில்லை, மாமாவின் முகத்தில் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்தால் போதும். ஆனால் அவர் ருடோல்ப் மன்னரைப் போலப் பொறுமைசாலியா என்பதை மாமியிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாவிக்கும் பொருளே வேண்டுமென்றால், மூக்குப்பேணியை நான் முதலில் சொல்வேன். உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றிக் குடிப்பதற்கு மூக்கு வைத்த இந்தப் பித்தளைப் பேணி பழைய வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கும். புளிபோட்டுத் துலக்கினால் பொன்போல வரும். உள்ளே வெள்ளீயம் பூசாமல் மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ ஊற்றக்கூடாது, புளிப்பு பித்தளையிலுள்ள செம்பைக் கரைத்து எடுத்துவிடும். அடுத்தது சிரட்டை அகப்பை. முற்றின தேங்காயின் கண்ணில்லாத பாதியை எடுத்து, தும்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, கரடான அரத்தாளில் தொடங்கி மென்மையானதில் முடித்து, தேங்காயெண்ணெயை மட்டும் தடவி ஊறவைத்தால் கருங்காலி போல மினுங்கும். வார்னிஷ் பூசிய அகப்பையைக் கறிச் சட்டிக்குள் விடாதீர்கள். மரத்தில் செய்த இடியப்ப உரல், ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டி ஆகியவையும் நல்ல பரிசுகள்தான். கனடாவில் புட்டு அவிப்பவர்களுக்கு நீத்துப்பெட்டியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தின்பண்டத்தைப் பொறுத்தவரை எங்கள் பெண்கள் எந்த ஓவியருக்கும் குறைந்தவர்களல்லர். சிப்பிச் சோகியை எடுத்துக்கொள்ளுங்கள்: சிறு மா உருண்டையைச் சிப்பியின் முதுகிலோ புதுச் சீப்பின் பல்லிலோ வைத்துப் பெருவிரலால் ஒரே இழுவையில் உருட்டி எடுக்க, வரிவரியாகக் கடற்சிப்பியே வந்துவிடுகிறது. பனங்கட்டியை ஊற்றி ஆறவைக்கும் பனையோலைக் குட்டான் தன்னளவில் ஒரு முழுமையான பொதி; அதைவிட நல்ல பரிசுப் பெட்டியை எந்த நிறுவனமும் வடிவமைத்ததாக நான் அறியேன். பிள்ளைக்குப் பல் முளைத்ததும் தலையில் சொரிகிற பல்லுக்கொழுக்கட்டையும் ஒரு சிற்பம்தான், வாய்போல மடித்த மாவில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகச் செருகியிருப்பார்கள். அறுபது வயதுக்காரருக்குப் பல் விழத் தொடங்கியிருக்குமானால், விருந்தன்று ஒரு தட்டுப் பல்லுக்கொழுக்கட்டையை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். பொருள் தெரிந்தவர்கள் சிரித்து முடிய அரை மணி நேரமாகும். எருமைத் தயிர் முட்டியைக் கொண்டுபோகலாம் என்ற ஆசை இருந்தால் அதை இங்கேயே தின்று தீர்த்துவிடச் சொல்லுங்கள். எந்த உணவுப் பண்டமானாலும், ஓலை, மரம் போன்ற தாவரப் பொருளானாலும், கனடாவில் இறங்கும்போது சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதில் இன்னும் கண்டிப்பு. நன்றாகத் துவைத்து உலர்த்திய துணியில் பதிந்த மீனுக்கு இந்தத் தொல்லை வராது என்பதும் நான் அதைச் சொன்னதற்கு ஒரு காரணம்.

அச்சைச் சட்டம் போட்டுக் கொடுக்கலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். இங்கே சட்டம் போட்டால் கண்ணாடி வழியில் உடையும். அங்கே போய்ப் போட்டுக்கொள்ளட்டும். குசினிக்குள் மாட்ட வேண்டாம், எண்ணெய்ப் புகை இரண்டு வருடத்தில் துணியை மஞ்சளாக்கிவிடும். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவர்தான் அதற்குரிய இடம். துணியின் கீழ்மூலையில், யப்பானிய மீன்பிடிகாரர் எழுதுவதைப் போல, மீனின் பெயரையும் வாங்கிய நாளையும் கரையையும் எடையையும் சிறிதாக எழுதிவிடுங்கள். எடையைக் கூட்டி எழுத வேண்டாம். திருமலைச் சந்தையில் மீன் தூக்கிப் பார்த்து வளர்ந்தவர், பார்த்த மாத்திரத்தில் கால் கிலோ குறைவென்று சொல்லிவிடுவார்.